கோழிக் கொட்டகையில் பிறந்த கலை: கல்கத்தாவில் பிறந்து இலங்கைத் தோட்டத்தில் மறைந்த ஜூலியா கேமரன் அம்மையார்

1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்து, 1879-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி இலங்கை மலைநாட்டில் தோட்டப் பங்களா ஒன்றில் கண்ணை மூடிய ஓர் ஆங்கில அம்மையாரின் பெயர், உலகப் புகைப்பட வரலாற்றில் முதல் வரிசையில் நிற்கிறது. அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். தொழில்முறைப் படக்காரர் அல்லர். யாரிடமும் முறையாகப் பயின்றவரும் அல்லர். 48 வயது வரை சொந்தமாகக் காமிரா இருந்ததில்லை. அது கிடைத்த ஒரே வருடத்தில் லண்டன் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சியில் அவர் படங்கள் தொங்கின. தொங்கிய படங்களைப் பார்த்த நிபுணர்களோ, இவருக்குப் படம் எடுக்கவே தெரியவில்லை என்று தீர்ப்பளித்தார்கள்.

அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது, அதில் எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்பதே இந்த அம்மையாரின் வரலாறு. சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு விழாப் பந்தலில் அமெச்சூர் படங்களுக்கு மார்க் போட உட்காருகிறவர்களும், ஆசையோடு ஒரு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கல்கத்தாவில் தொடங்கிய வாழ்க்கை

தந்தை ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். தாய் பிரெஞ்சு வம்சாவளி. உடன் வளர்ந்த சகோதரிகளையும் சேர்த்து ஏழு பெண்கள். மற்ற சகோதரிகள் எல்லாரும் அழகுக்குப் பெயர் பெற்றவர்கள். ஜூலியாவுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. கெட்டிக்காரி என்ற பெயரே கிடைத்தது. அழகைக் கண்டால் அதை விடாமல் பிடித்து வைக்க வேண்டும் என்ற ஆவேசம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது.

உடல்நிலை சரியில்லாமல் 1836-ஆம் ஆண்டு வாக்கில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானசாஸ்திரி சர் ஜான் ஹெர்ஷல். எடுத்த படம் வெளிச்சத்தில் அழிந்து போகாமல் நிலைக்கச் செய்யும் ஹைப்போ உப்பின் குணத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். புகைப்படம் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை 1839-இல் அறிவியல் உலகில் பரப்பியவரும் அவரே. மற்றவர் சார்லஸ் ஹே கேமரன், சட்ட நிபுணர், ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். இருவருக்கும் 1838-இல் கல்கத்தாவில் திருமணம் நடந்தது.

கணவரின் பெயரும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. இலங்கையின் நிர்வாகத்தையும் நீதிமன்றங்களையும் திருத்தியமைக்க வழிசெய்த கோல்புரூக்-கேமரன் கமிஷனில் வரும் கேமரன் இவர்தான். இந்தியக் குற்றவியல் சட்டத்தை வரைந்த மெக்காலேயின் சட்டக் கமிஷனிலும் அங்கத்தினர். இலங்கைப் பயணத்தில் அந்தத் தீவின் மேல் அவருக்குத் தீராத மோகம் பிறந்தது. அங்கே காப்பித் தோட்டங்கள் வாங்கினார். அந்தத் தோட்டங்களே பிற்காலத்தில் குடும்பத்தின் பெருமையாகவும் பெருஞ்சுமையாகவும் ஆயின.

1848-இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860-இல் வைட் தீவில் பிரெஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் வீடு வாங்கினார்கள். இலங்கைத் தோட்டத்தின் ஞாபகமாக அந்த வீட்டுக்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அரசவைக் கவிஞர் டென்னிசன்.

மகள் கொடுத்த பரிசு

1863-ஆம் ஆண்டு டிசம்பர். கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்வையிடப் போயிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தனிமையில் இருந்த தாய்க்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அனுப்பினார்கள். மரப்பெட்டி, பிரெஞ்சு லென்ஸ், 11 அங்குலத்துக்கு 9 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தட்டுகள். பொழுதுபோக்குக்காக வந்த பொருள் முழுநேர உழைப்பாக மாறியது.

வீட்டின் கரி அறை இருட்டறையாயிற்று. கோழிகளை வெளியே விட்டுக் கோழிக் கொட்டகைக்குக் கண்ணாடி போட்டார்; அது ஸ்டூடியோ ஆயிற்று. 1864 ஜனவரி மாதக் கடைசியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அதைத் தன் முதல் வெற்றி என்று எழுதி வைத்தார். சந்தோஷம் தாங்காமல் வீடெங்கும் ஓடி, அந்தக் குழந்தைக்குக் கொடுக்க ஏதாவது பரிசு இருக்கிறதா என்று தேடினாராம்.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது இன்றுபோல் ஒரு விரல் சொடுக்கும் வேலை அல்ல. கண்ணாடித் தட்டைத் தூசியில்லாமல் துடைக்க வேண்டும். அதன்மேல் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைச் சமமாகப் பரவும்படி ஊற்ற வேண்டும். இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் காமிராவில் பொருத்திப் படம் எடுத்து, மறுபடி இருட்டறைக்கு ஓடி அதைக் கழுவித் தெளிவாக்கி, ஹைப்போவில் நிலைப்படுத்தி, பல முறை நீரில் அலசி, உலர்த்தி, வார்னிஷ் பூச வேண்டும். தட்டு காய்ந்துவிட்டால் எல்லாம் வீண். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப் போகும், சோப்புக்கும் போகாது. அம்மையாரின் கையும் உடையும் எப்போதும் கறை படிந்தே இருந்தன.

அவர் எடுத்த முகப் படங்களுக்கு மூன்று முதல் ஏழு நிமிடம் வரை எதிரில் இருப்பவர் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. மற்ற ஸ்டூடியோக்களில் தலை ஆடாமலிருக்க இரும்புப் பிடி ஒன்றைக் கழுத்துக்குப் பின்னால் வைப்பார்கள். கேமரன் அம்மையாருக்கு அது பிடிக்காது. ஆகவே மூச்சு விடும்போது ஏற்படும் சிறு அசைவும் படத்தில் பதிந்தது.

நிபுணர்கள் சொன்ன தீர்ப்பு

1864-இல் அவர் லண்டன் புகைப்படச் சங்கத்தில் அங்கத்தினரானார். அதே வருடம் அதன் கண்காட்சிக்குப் படங்கள் அனுப்பினார். அடுத்த வருடமும் அனுப்பினார். சங்கத்தின் பத்திரிகை 1865-இல் எழுதிய விமர்சனம் கடுமையானது. துணிச்சலான புதுமை இருக்கிறதென்று ஒப்புக்கொண்டது. ஆனால் புகைப்படத்துக்கு வேண்டிய மற்ற எல்லா இலட்சணங்களையும் பலிகொடுத்து வந்த புதுமை அது என்றது. ஒரு பெண்மணியின் படைப்பைப் பற்றி இப்படிக் கடுமையாகப் பேச வேண்டியிருப்பது வருத்தம்தான், கலையின் நன்மைக்காகப் பேச வேண்டியிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டது. அந்நாளில் பரிசுகளை வாரிக் குவித்த ஹென்றி பீச் ராபின்சன் 1869-இல் வெளியிட்ட தம் நூலில், மங்கலான தீற்றல்களை உண்டாக்குவது புகைப்படத்தின் வேலை அல்ல என்று இடித்துரைத்தார்.

அவர்கள் கண்ட குற்றங்கள் என்ன? முதலாவது, படம் கூர்மையாக இல்லை. மூக்கு தெளிந்திருந்தால் காது கலங்கியிருக்கும்; கண் தெளிந்திருந்தால் தோள் புகையாகப் போயிருக்கும். இரண்டாவது, தட்டில் விரல் ரேகை, தூசி, ரசாயனம் வழிந்த கோடுகள். மூன்றாவது, கீறல் விழுந்த தட்டையும் உடைந்த தட்டையும்கூடத் தள்ளாமல் அதிலிருந்து பிரதி எடுத்துக் கண்காட்சிக்கு அனுப்பிவிடுகிறார்.

இந்த நடுவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் காலத்தில் தெருவுக்குத் தெரு ஸ்டூடியோக்கள் முளைத்து, சீட்டுக்கட்டு அளவில் படங்களை டஜன் கணக்கில் அச்சடித்துத் தள்ளின. நல்ல வேலைக்கும் மட்டமான வேலைக்கும் வித்தியாசம் காட்ட அவர்களிடம் இருந்த அளவுகோல் கூர்மையும் சுத்தமும்தான். ஒரு புல்லின் நுனிகூடத் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கைத்திறனைக் காக்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. அந்தக் கவலை நியாயமானதே.

ஆனால் அந்த அளவுகோலை அவர்கள் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி நீட்டினார்கள். கேமரன் அம்மையாரின் படத்தில் கூர்மை குறைந்தது தெரியாத்தனத்தால் மட்டும் அல்ல. முதலில் அது தற்செயலாக வந்ததென்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு அதைத் தெரிந்தே செய்தார். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது, முகம் எந்த இடத்தில் தன் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதோ அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். இன்னும் திருகினால் கூர்மை கூடும், ஆனால் அவர் கண்ட முகம் போய்விடும். கழுத்துக்குக் கீழே கறுப்புத் துணி, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம், சட்டத்தை நிறைக்கும் தலை. 1866-இல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் தட்டுப் போடும் பெரிய காமிரா வந்த பிறகு அந்தத் தலைகள் ஏறக்குறைய உயிர் அளவுக்கு வளர்ந்தன. சீட்டுக்கட்டு அளவில் முழு உருவத்தையும் நாற்காலியையும் திரைச்சீலையையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை.

பெர்லினில் கிடைத்த தங்கப் பதக்கம்

லண்டனில் குறை சொல்லப்பட்ட அதே வகைப் படங்கள் ஜெர்மனியில் பெர்லின் நகரக் கண்காட்சிக்குப் போயின. 1865-இல் வெண்கலப் பதக்கம், 1866-இல் தங்கப் பதக்கம். அங்கும் தொழில்முறைப் படக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஓவியர்களோ கொண்டாடினார்கள். ஒரே படத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு விதமான முடிவு வந்ததற்குக் காரணம், பார்த்தவர்கள் வெவ்வேறு கேள்விகளைக் கேட்டதுதான். ஒரு சாரார் எப்படி எடுத்திருக்கிறார் என்று கேட்டார்கள். மறு சாரார் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள்.

லண்டனிலேயே ஒருவர் அவர் அருமையை உணர்ந்தார். தென் கென்சிங்டன் அரும்பொருளகத்தின் தலைவர் ஹென்றி கோல், 1865-லேயே அவர் படங்களை விலை கொடுத்து வாங்கினார். 1868-இல் அரும்பொருளகத்தில் இரண்டு அறைகளை ஸ்டூடியோவாகப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தார். டென்னிசன், கார்லைல், பிரௌனிங், முதிர்ந்த வயதில் வெண்முடி பறக்க நிற்கும் ஹெர்ஷல் என அந்த நூற்றாண்டின் பெரிய மூளைகள் பல அவர் காமிராவின் முன் அமர்ந்தன. 1868 கோடையில் அவர் வீட்டையொட்டிய குடிலில் வாடகைக்குத் தங்கிய டார்வினையும் எடுத்தார். தம்மை எடுத்த எல்லாப் படங்களிலும் இதுவே தமக்கு மிகவும் பிடித்தது என்று டார்வின் எழுதிக் கொடுத்தார்.

அம்மையார் எல்லா விமர்சனத்தையும் காற்றில் விட்டவர் அல்லர். கூர்மை பற்றிய புத்திமதியை ஏற்கவில்லை. ஆனால் 1869-இல் அவருடைய மிகச் சிறந்த தட்டுகளில் 45 தட்டுகள், வார்னிஷ் போட்ட பிறகும் மேற்பரப்பில் தேன்கூடு போல வெடித்து வீணாகிவிட்டன. அப்போது எந்தச் சங்கம் அவரைக் கண்டித்ததோ அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கே தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். காரணம் சொல்லுங்கள் என்று கேட்டார். ஹைப்போ போகும்படி போதுமான அளவு அலசாததும் கடற்கரையின் உப்புக் காற்றும் காரணமாக இருக்கலாம் என்று அங்கத்தினர்கள் யோசனை சொன்னார்கள். வேலைத்தனத்தில் குறை சொன்னால் கேட்டுக்கொள்வது, பார்வையில் கைவைத்தால் விட்டுக்கொடுக்காமலிருப்பது என்ற பாகுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது. ஓவியர் வாட்ஸ் போன்ற நண்பர்கள் சொன்ன ஆலோசனைகளையும் கேட்டு நடந்தார்.

சென்னையில் நடந்த தேர்வு

இதே காலத்தில் நம் சென்னை மாகாணத்திலும் புகைப்படங்களை நடுவர் குழு வைத்துத் தேர்வு செய்யும் வழக்கம் வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1855-இல் நடந்த சென்னைப் பொருட்காட்சியில், பேலூர், ஹளேபீடு கோயில்களை எடுத்த லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரியின் படங்களுக்கு நடுவர்கள் முதல் வகுப்புப் பதக்கம் அளித்தார்கள். 1850-இல் சென்னையில் கலைப் பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர், புகைப்படச் சங்கம் அமைப்பதிலும் முன்னின்றார். அந்தக் கலைப் பள்ளியில் பயின்ற சி. அய்யாசாமி என்ற தமிழர் டிரைப்புக்கு உதவியாளராக வேலை செய்தார்.

பரிசு பெற்ற டிரைப்பை அரசாங்கம் தன் படக்காரராக நியமித்தது. அவர் 1858-இல் மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை என்று சுற்றி எடுத்த படங்கள் இன்று கோயில் ஆராய்ச்சிக்கு ஆதாரமாகப் பயன்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீளத் தாளாக ஒட்டிக் கொடுத்திருக்கிறார். கல்வெட்டுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும் கூர்மை வேண்டும். அங்கே மங்கலாக எடுத்தால் அது குற்றம்தான். டிரைப்புக்கு வைத்த அளவுகோலைக் கேமரனுக்கு வைத்ததுதான் லண்டன் நடுவர்கள் செய்த பிழை.

கும்பகோணத்தில் பிறந்த மாப்பிள்ளை

கேமரன் அம்மையாரின் வீட்டில் மேரி ரயான் என்ற பெண் வளர்ந்தாள். லண்டன் அருகே பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஓர் ஐரிஷ் தாயின் மகள் அவள். அம்மையார் அவளை அழைத்துவந்து, படிப்பும் கொடுத்து, வீட்டுவேலையும் கொடுத்து, காமிரா முன்னும் உட்கார வைத்தார். அவரது மற்றொரு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர்தான் பல படங்களில் கன்னி மரியாளாக நிற்பவள். எஜமானர்களையும் வேலைக்காரர்களையும் அந்த வெளிச்சம் ஒரே மாதிரி தொட்டது.

1865-இல் லண்டனில் நடந்த கண்காட்சியில் மேரி ரயானையும் அவளுடைய படத்தையும் கண்ட ஓர் இளைஞர் மனதைப் பறிகொடுத்தார். அவர் ஹென்றி காட்டன். 1845-இல் பிறந்தவர், பிறந்த ஊர் நம் கும்பகோணம். 1867-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதே ஆண்டு ஐ.சி.எஸ். உத்தியோகத்துக்கு இந்தியா வந்த காட்டன், பின்னாளில் அஸ்ஸாமின் தலைமைக் கமிஷனரானார். அங்கே தேயிலைத் தோட்டக் கூலிகளுக்குச் சம்பளம் உயர்த்த வேண்டும் என்று வாதாடித் தோட்டத் துரைமார்களின் கோபத்துக்கு ஆளானார். 1904-இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பிச்சைக்காரியின் மகள் காங்கிரஸ் தலைவரின் மனைவியான கதைக்கு நடுவில் ஒரு புகைப்படம் இருக்கிறது.

இலங்கைக்குத் திரும்பிய கப்பல்

படங்களை விற்றுக் குடும்பச் செலவைச் சமாளிக்கலாம் என்று அம்மையார் நம்பினார். 1864 முதல் 1875 வரை 500-க்கும் மேற்பட்ட படங்களை உரிமைப் பதிவு செய்தார். பெரிய மனிதர்களிடம் கையெழுத்து வாங்கிப் படத்தின் அடியில் சேர்த்து விற்றார். ஆயினும் செலவுக்கு வரவு எட்டவில்லை. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. வருமானம் சரிந்தது. 80 வயதுக் கணவருக்கோ இலங்கையில்தான் உயிர் போக வேண்டும் என்று ஆசை. 1875 அக்டோபரில் கப்பலேறினார்கள். போகிற இடத்தில் சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்று, பீங்கான் சாமான்களை உள்ளே அடுக்கிய இரண்டு சவப்பெட்டிகளையும் ஒரு பசுவையும் உடன் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள்.

கொழும்புக்குத் தெற்கே களுத்துறையில், கடலோர வீட்டில் குடியேறினார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்த ஊரில் கொலோடியன் வேலை கடினம். நல்ல தண்ணீருக்கும் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு. அப்படியும் காமிரா ஓயவில்லை. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 30-க்கும் குறைவு. 1877-இல் அவர் வீட்டுக்கு வந்து தங்கிய ஓவியர் மேரியான் நார்த், அம்மையாரைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். ஒரு தோட்டக்காரரின் முதுகின் கட்டமைப்பில் மயங்கிய அம்மையார், மகனுக்குத் தோட்டமே இல்லாதபோதும் அந்த ஆளைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கச் சொன்னாராம்.

பெயர் இல்லாத தமிழர்கள்

அந்த இலங்கைப் படங்களில் இருப்பவர்கள் பலர் தமிழ்த் தொழிலாளர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். தலையில் குடம் தாங்கிய பெண், மார்பில் மணிமாலை அணிந்த சிறுமி, கூட்டமாக நின்று நேராகக் காமிராவைப் பார்க்கும் ஆணும் பெண்ணும். பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களை விட்டுக் கடல் தாண்டி, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மலையேறிய சனங்களின் காலம் அது. நடந்த வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் கணக்கில்லை. அந்தத் தலைமுறையின் முகத்தை நேருக்கு நேர் காட்டும் படங்கள் மிகக் குறைவு. அந்தச் சிலவற்றில் இவையும் சேரும்.

ஆனால் ஒரு குறை உண்டு. இங்கிலாந்தில் வேலைக்காரப் பெண் மேரியின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. இலங்கையில் எடுத்த படங்களின் அடியில் பெரும்பாலும் விவசாயிகள், இளம்பெண், இலங்கை என்பது போன்ற பொதுச் சொற்களே நிற்கின்றன. அந்தப் பெண்ணின் பெயர் மாரியாயியா, காளியம்மாளா, எந்த ஊரிலிருந்து வந்தாள், யார் வயிற்றில் பிறந்தாள் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. கூர்மை இல்லை என்றும் கறை இருக்கிறது என்றும் பக்கம் பக்கமாக எழுதிய நடுவர்களில் எவரும் இந்தக் குறையைக் கண்டதில்லை. அந்தக் காலத்தில் அது குறையாகவே யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மலைகளில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தியக் கடவுச்சீட்டுக்காகக் காமிரா முன் நிற்க வேண்டியிருந்தது. அந்தச் சிறு படத்தோடு பெயரும் தகப்பன் பெயரும் பிறந்த ஊரும் சேர்ந்தே இருந்தன. அந்த விவரங்களை வைத்துத்தான் ஒரு குடும்பம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று தீர்மானிக்கப்பட்டது. படத்தோடு பெயர் சேர்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும்.

முடிவும் பிற்காலப் புகழும்

1878-இல் இங்கிலாந்துக்கு ஒரு முறை போய்வந்த அம்மையார், திரும்பிய சில மாதங்களில் நோயுற்றார். டிக்கோயா பள்ளத்தாக்கில் உள்ள கிளென்கேர்ன் தோட்டப் பங்களாவில் 63-ஆம் வயதில் உயிர் பிரிந்தது. பொகவந்தலாவையில் உள்ள மாதா கோயில் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு கணவரும் பக்கத்திலேயே அடக்கமானார். சுற்றிலும் இன்று தேயிலை, காப்பி போய்விட்டது.

1874-இல் அவர் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட சுயசரிதம் 1889-இல்தான் அச்சேறியது. நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் 1913-இல் தம் பத்திரிகையில் அவர் படங்களை வெளியிட்டார். அவருடைய தங்கையின் பேத்தியான நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃப் 1926-இல் ஒரு தொகுப்புக்கு முன்னுரை எழுதினார். 2003-இல் வெளிவந்த முழுப் பட்டியலில் 1,200-க்கும் மேற்பட்ட படங்கள் இடம்பெற்றன. அவரைக் கண்டித்தவர்களில் பலரின் பெயர், அவரைக் கண்டித்த காரணத்தால்தான் இன்று நினைவுகூரப்படுகிறது.

நம் ஊர்ப் போட்டிகளுக்கு

சந்திரகிரி ராஜமகால், தலக்கோனை அருவி, ரேணிகுண்டா சந்திப்பில் புறப்படும் ரயில், திருமலையில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. இந்த வட்டாரத்தில் போட்டிக்கு என்று கேட்டால் வந்து குவிகிற படங்கள் இவைதாம். எடுப்பவர் கடைக் கணக்கராக இருப்பார், மில் தொழிலாளியாக இருப்பார், பள்ளி மாணவியாக இருப்பார். கையில் இருப்பது பெரும்பாலும் கைப்பேசிதான். தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்கள் கேமரன் அம்மையார் வரலாற்றிலிருந்து சில விதிகளை எடுத்துக்கொள்ளலாம்.

வேலைத்தனத்துக்கு ஒரு மார்க், படம் சொல்லும் விஷயத்துக்கு ஒரு மார்க் என்று இரண்டு பத்தியாகப் போட வேண்டும். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகப் போட்டால், சுத்தமாக எடுத்த சாதாரணப் படம் எப்போதும் ஜெயிக்கும். கூர்மை குறைந்திருந்தால், அது கை நடுங்கியதாலா, வேண்டுமென்றே செய்ததா என்று எடுத்தவரிடம் கேட்க வேண்டும். கல்வெட்டைக் காட்டும் படத்துக்கும் கிழவியின் முகத்தைக் காட்டும் படத்துக்கும் ஒரே அளவுகோல் உதவாது. பரிசு கிடைக்காதவருக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். லண்டன் விமர்சகர்கள் கடுமையாக இருந்தாலும், இன்ன இன்ன குறை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதனால்தான் அம்மையாரால் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய முடிந்தது.

படம் அனுப்புகிறவர்களும் ஒன்று செய்யலாம். படத்தின் பின்புறத்தில் எடுத்தவர் பெயரை மட்டும் எழுதாமல், படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், எடுத்த தேதி மூன்றையும் எழுத வேண்டும். செங்கல் சூளையில் எடுத்தாலும், பூக்கடையில் எடுத்தாலும், எதிரில் நிற்பவரிடம் பெயரைக் கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும். தொழிலாளி என்றோ ஏழைப் பெண் என்றோ மட்டும் தலைப்பு வைத்து வரும் படத்தைப் பெயர் விசாரித்து வரும்படி திருப்பி அனுப்ப நடுவர்களுக்கு உரிமை கொடுத்தால் இன்னும் நல்லது. களுத்துறைக் கரையில் அந்தத் தமிழ்ப் பெண் நின்ற அன்று அந்த ஒரு நிமிடத்தை யாராவது செலவழித்திருந்தால், இன்று அவள் வம்சத்தார் எங்கேனும் அந்தப் படத்தைப் பார்த்து, இது நம் பாட்டி என்று சொல்லியிருக்கக் கூடும்.